டிராக்கில் ஓடும் வீட்டுக் கார்: பிரேக் ஆயில் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பே இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கே 1990 முதல் இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிய காரையே ஞாயிற்றுக்கிழமை இந்தத் தடங்களில் இறக்கி ஓட்டுகிறவர்கள் இன்று பலர். அவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “எந்த பிரேக் ஆயில் போடலாம்?”

கேட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு பிராண்டின் பெயர்தான் பதிலாகக் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பிராண்டைவிட ஆயிலின் வயதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இரண்டு வருடம் கிடந்த பந்தய ஆயில், ஆறு மாதம் ஆன சாதாரண நல்ல ஆயிலிடம் தோற்றுப்போகும். எத்தனை டிகிரி வித்தியாசத்தில் தோற்கும், அதற்கு எவ்வளவு ரூபாய் ஆகும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வெப்பம்: சிக்னலும் தடமும்

ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் போய் சிக்னலில் நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் 111 கிலோஜூல். அதே கார் தடத்தின் நேர்ப்பகுதி முடிவில் 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்கினால் 781 கிலோஜூல். ஏழு சிக்னல்களின் சூடு ஒரே மிதியில் வந்துவிடுகிறது. கார் நிற்கக்கூட இல்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்காகும் என்பதுதான் இதற்குக் காரணம்.

இந்த வகைக் காரில் பிரேக் வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தை முன் சக்கரங்கள் செய்கின்றன என்று கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 273 கிலோஜூல் போகிறது. 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அந்த ஒரு மிதியில் 119 டிகிரி செல்சியஸ் ஏறும். சிக்னலில் அதே டிஸ்க் ஏறுவது 17 டிகிரி. அடுத்த சிக்னல் வருவதற்குள் அது ஆறிவிடும். தடத்திலோ அடுத்த வளைவு சில விநாடிகளில் வந்துவிடுகிறது.

ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 15 விநாடி என்றால் சராசரி வேகம் மணிக்கு 99 கி.மீ. சுற்றுக்கு ஒரு பெரிய மிதியும், அதில் பாதி ஆற்றலுள்ள நான்கு மிதிகளும் என்று வைத்தால் 2,340 கிலோஜூல். எட்டுச் சுற்றுக்கு 18.7 மெகாஜூல். இதை 18 நிமிடத்துக்குப் பிரித்தால் ஒவ்வொரு முன் டிஸ்க்கும் இடைவிடாமல் 6 கிலோவாட் வெப்பம் வாங்குகிறது. வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் மூன்றை ஒரு சக்கரத்துக்குள் பொருத்திப் போட்டுவிட்டது மாதிரி. இந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பர் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து அதன் பின்னால் நிற்கும் சில மில்லி ஆயிலுக்கும் போகிறது.

தடத்துக்கே போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. அதே 1,150 கிலோ கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மலை இறங்கினால் 11.3 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். அது 150-லிருந்து 70-க்கு இறங்கும் மிதி 14 முறை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது இதற்காகத்தான். எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

பிரேக் ஆயில் டப்பாவில் இரண்டு கொதிநிலைகள் இருக்கும். ஒன்று உலர் கொதிநிலை, அதாவது டப்பாவை இப்போதுதான் திறந்த புது ஆயில். மற்றது ஈரக் கொதிநிலை, அதாவது ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயில். அமெரிக்க டாட் தரவிதி கேட்கும் குறைந்தபட்ச அளவுகள், செல்சியஸில்:

டாட் 3: உலர் 205, ஈரம் 140
டாட் 4: உலர் 230, ஈரம் 155
டாட் 5.1: உலர் 260, ஈரம் 180
டாட் 5: உலர் 260, ஈரம் 180

இவை தேர்ச்சி மதிப்பெண்கள். பல டப்பாக்களில் இதைவிடக் கூடுதலான எண் இருக்கும். பந்தயத்துக்கென்று விற்பவற்றில் நிறுவனங்கள் தரும் எண்கள் இப்படி:

ஏடிஇ டைப் 200: உலர் 280, ஈரம் 198
மோட்டுல் ஆர்பிஎஃப் 600: உலர் 312, ஈரம் 205
காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப்: உலர் 320, ஈரம் 270

முதல் பட்டியலில் டாட் 5-ம் டாட் 5.1-ம் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. இரண்டும் வேறு வேறு திரவங்கள். டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 3, டாட் 4 ஆகியவற்றின் குடும்பம். டாட் 5 சிலிக்கோன். அது மற்றவற்றோடு கலக்காது. தண்ணீரைக் கரைத்துக்கொள்ளாது என்பதால் உள்ளே புகுந்த ஈரம் தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில், தனியாகத் தேங்கும். சூடானால் சிலிக்கோன் சற்று அமுங்கிக்கொடுக்கும். ஏபிஎஸ் உள்ள காருக்கு அது வேண்டவே வேண்டாம். கடைக்காரர் “5 இருக்கு சார், 5.1 மாதிரிதான்” என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு எண் டப்பாவின் முன்பக்கம் வராது. மைனஸ் 40 டிகிரியில் பாகுத்தன்மை. டாட் 4-க்கு உச்சவரம்பு 1,800, டாட் 5.1-க்கு 900, ஐஎஸ்ஓ 4925 தரத்தின் கிளாஸ் 6-க்கு 750. மைனஸ் 40 டிகிரியை நம் ஊர்க் கார்கள் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஏபிஎஸ்ஸும் ஈஎஸ்பியும் நொடிக்குப் பல முறை வால்வைத் திறந்து மூடி, சின்னத் துளைகள் வழியே ஆயிலைத் தள்ளும் அமைப்புகள். அவற்றுக்கு இளகிய ஆயில் ஏற்றது. காரோடு வந்த கையேடு கிளாஸ் 6 என்று சொல்லியிருந்தால், பாகுத்தன்மை பற்றி எதுவும் எழுதாத பந்தய ஆயிலை வாங்குமுன் யோசியுங்கள். திங்கட்கிழமை மழையில் திடீரென்று பிரேக் அடிக்கும்போது அந்த ஏபிஎஸ்தான் வேலை செய்ய வேண்டும்.

தண்ணீர்: மாதம் போகப்போக இறங்கும் எண்

கிளைக்கால் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மேலே இருக்கும் ஆயில் கிண்ணத்தின் மூடித்துளை வழியாகவும் ஈரம் நுழைகிறது. பட்டறைகளில் பொதுவாக வைக்கும் கணக்கு ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம். இங்கே நடுவாக 1.5 என்று வைத்துக்கொள்கிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் மேல் எண்ணை வைத்துக்கொள்வது நல்லது.

டப்பாவின் இரண்டு எண்களுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டால், ஒவ்வொரு ஆயிலும் எந்த வயதில் எந்தக் கொதிநிலையில் நிற்கும் என்பது தெரியும்:

டாட் 4: புதிது 230, ஆறு மாதம் 215, ஒரு வருடம் 200, இரண்டு வருடம் 169
டாட் 5.1: புதிது 260, ஆறு மாதம் 244, ஒரு வருடம் 228, இரண்டு வருடம் 195
312 டிகிரி பந்தய ஆயில்: புதிது 312, ஆறு மாதம் 290, ஒரு வருடம் 269, இரண்டு வருடம் 225
எஸ்ஆர்எஃப்: புதிது 320, ஆறு மாதம் 310, ஒரு வருடம் 300, இரண்டு வருடம் 279

உண்மையில் இந்தக் கோடு நேராக இறங்குவதில்லை. முதல் ஒரு சதவீதத் தண்ணீர்தான் அதிகமாகக் கடிக்கும். ஆகவே மேலே உள்ளவை நல்லபடியாக நடந்தால் கிடைக்கும் எண்கள். நிஜம் இதற்குக் கீழே இருக்கும்.

மூன்றாவது வரியின் கடைசி எண்ணையும் இரண்டாவது வரியின் இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு வருடம் ஆன பந்தய ஆயில் 225. ஆறு மாதம் ஆன டாட் 5.1 244. விலை குறைந்த ஆயில் 19 டிகிரி முன்னால் நிற்கிறது. உலர் கொதிநிலை உயர்ந்த ஆயில், தண்ணீர் ஏறும்போது வேகமாகவும் இறங்குகிறது. ஒரு சதவீதத் தண்ணீருக்கு டாட் 4 இழப்பது 20 டிகிரி, டாட் 5.1 சுமார் 22, 312 வகை 29. எஸ்ஆர்எஃப் மட்டும் 13.5. அதில் இருக்கும் சிலிக்கான் எஸ்டர் உள்ளே வரும் தண்ணீரோடு வினைபுரிந்து அதை அடக்கிவிடுவதால் ஈரக் கொதிநிலை 270-லேயே நிற்கிறது. அதன் விலைக்குக் காரணமும் அதுதான்.

பெரும்பாலான கார் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்கின்றன. அந்தக் கெடு சாலையில் ஓடும் காருக்கு எழுதப்பட்டது. இரண்டு வருடம் முடியும் தறுவாயில் இருக்கும் டாட் 4 ஆயிலோடு தடத்தில் இறங்குவது 169 டிகிரி எல்லையோடு இறங்குவதாகும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்யும்

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 30 மில்லிமீட்டர் என்று கொண்டால், பெடலை அடிவரை மிதித்தாலும் அது தள்ளும் ஆயில் 11.4 மில்லிதான். தண்ணீர் ஆவியானால் சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 1,670 மடங்கு விரியும். 11.4 மில்லி ஆவிக்கு வேண்டிய தண்ணீர் 0.007 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்றால், அதில் ஏழில் ஒரு பங்கு ஆவியானாலே பெடலின் முழு வீச்சும் அந்த ஆவியை அமுக்குவதில் தீர்ந்துவிடும். 3.7 சதவீதத்தில் ஒரு லிட்டர் ஆயிலுக்குள் இருக்கும் தண்ணீரோ 37 மில்லி.

இது எப்போது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக்கை மிதித்திருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் பல பத்து மடங்கு. 50 மடங்கு காற்றழுத்தத்தில் சுத்தமான தண்ணீர்கூட 264 டிகிரி வரை கொதிக்காது. காலை எடுத்ததும் அழுத்தம் இறங்குகிறது, சூடு இறங்குவதில்லை. அப்போதுதான் குமிழி கிளம்புகிறது. வளைவைத் தாண்டி முழு ஆக்ஸிலரேட்டரில் நேர்ப்பகுதியில் போய்க்கொண்டிருக்கும்போது காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும். ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நேர்ப்பகுதியின் முடிவில், அதிக வேகத்தில், பெடல் தரைக்குப் போகும். முந்தைய வளைவில் பிரேக் நன்றாகப் பிடித்ததே என்பது அடுத்த வளைவுக்கு உத்தரவாதம் ஆகாது. பெடலில் மெத்துமெத்தென்ற உணர்வு வந்தால் உடனே விரைந்து பம்ப் செய்யுங்கள், வேகத்தைக் குறையுங்கள், அந்தச் சுற்றோடு வெளியே வாருங்கள்.

எத்தனை மில்லி வாங்க வேண்டும்

சிறிய காருக்கு முழு மாற்றம் செய்ய ஒரு லிட்டர் போதும். எங்கே எவ்வளவு போகிறது என்று பார்ப்போம்.

கிண்ணத்தில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற: 150 மில்லி
பின் சக்கரங்கள் இரண்டு, தலா 200: 400 மில்லி
முன் சக்கரங்கள் இரண்டு, தலா 150: 300 மில்லி
மொத்தம்: 850 மில்லி
மீதி: 150 மில்லி

இந்த மீதி 150 மில்லிக்கு வேலை இருக்கிறது. தடத்தில் ஓட்டி முடித்ததும் முன் காலிப்பர்களில் மட்டும் தலா 60, 70 மில்லி எடுத்துவிட வேண்டும். வெந்துபோன ஆயில் அங்கேதான் இருக்கிறது. முழு மாற்றத்தை டிராக் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு வைத்துக்கொண்டால், இறுக மூடி வைத்த மீதி இதற்குச் சரியாக இருக்கும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த டப்பாவை ஊற்றக் கூடாது. அதுவும் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பட்டறையில் ஏர் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். நிப்பிளில் உள்ளே தெரியும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். “மிதிங்க... பிடிங்க” என்று கீழிருந்து குரல் வரும். “பிடிச்சிட்டேன் அண்ணே” என்று பதில் வந்தபிறகுதான் ஸ்பேனர் கால் திருப்பு திரும்ப வேண்டும். பெடல் கீழே போகும்போது குழாயில் ஆயில் ஓடும். மறுபடி நிப்பிளை இறுக்கிய பிறகே கால் எடுக்க வேண்டும். வரிசை தவறி முதலில் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். முதலில் வருவது டீ நிறத்தில் இருக்கும், பிறகு வெளிறிக்கொண்டே வந்து புது ஆயிலின் நிறத்துக்கு வரும். நிறம் மாறியபின்னும் இரண்டு மிதி கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் ஊசிமுனை அளவுக் குமிழிகூட வரக் கூடாது.

நம் ஊர் வலப்பக்க ஓட்டுநர் கார்களில் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கமே இருப்பதால், வழக்கமான வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சில கார்களுக்கு நிறுவனம் வேறு வரிசை சொல்லியிருக்கும், அதையே பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையில் கிண்ணத்தை நிரப்பாமல் விட்டு, ஆயில் வற்றிக் காற்று ஏபிஎஸ் மாட்யூலுக்குள் போய்விட்டால், அதை வெளியே எடுக்க ஸ்கேனர் வேண்டியிருக்கும். அந்த ஒரு கவனக்குறைவு ஆயில் விலையைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கும். ஆயில் பெயிண்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயிண்டை உரித்துவிடும். எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ரூபாய்க் கணக்கு

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடையில் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். 500 மில்லி டாட் 4 ரூ.300, டாட் 5.1 ரூ.600, 312 வகை ரூ.2,000. எஸ்ஆர்எஃப் வகை ஒரு லிட்டர் ரூ.9,000. முழு மாற்றத்துக்குக் கூலி ரூ.800, முன் சக்கரம் மட்டும் ஏர் எடுக்க ரூ.400. வருடத்தில் நான்கு டிராக் நாள், மூன்று மாதத்துக்கு ஒன்று.

முதல் வழி, டாட் 4. ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன் முழு மாற்றம், ஓட்டியபின் முன் சக்கரம். ஆயில் 8 டப்பா ரூ.2,400, கூலி ரூ.4,800. மொத்தம் ரூ.7,200. ஒரு டிராக் நாளுக்கு ரூ.1,800. ஆயில் எப்போதும் புதிது, ஆனால் உச்சமே 230.

இரண்டாம் வழி, டாட் 5.1. ஆறு மாதத்துக்கு ஒரு முழு மாற்றம், இடையில் வரும் டிராக் நாளுக்கு ஒரு டப்பா, ஒவ்வொரு முறையும் ஓட்டியபின் முன் சக்கரம். ஆயில் 6 டப்பா ரூ.3,600, கூலி ரூ.3,200. மொத்தம் ரூ.6,800. நாளுக்கு ரூ.1,700. எல்லை 244-க்குக் கீழே போகாது.

மூன்றாம் வழி, 312 வகை, அதே அட்டவணை. ஆயில் 6 டப்பா ரூ.12,000, கூலி ரூ.3,200. மொத்தம் ரூ.15,200. நாளுக்கு ரூ.3,800. எல்லை 290.

நான்காம் வழி, எஸ்ஆர்எஃப் வகை. வருடத்துக்கு ஒரு முழு மாற்றம், இரண்டு முறை முன் சக்கரம். ஆயில் 2 லிட்டர் ரூ.18,000, கூலி ரூ.1,600. மொத்தம் ரூ.19,600. நாளுக்கு ரூ.4,900. எல்லை 300.

ஐந்தாம் வழிதான் நடைமுறையில் அடிக்கடி நடப்பது. 312 வகை ஆயிலை ஒருமுறை போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடுவது. ஆயில் ரூ.4,000, கூலி ரூ.800. எட்டு டிராக் நாளுக்கு ரூ.4,800, நாளுக்கு ரூ.600. பார்க்க மலிவு. கடைசி டிராக் நாளில் எல்லை 225. அதுவும் நடுவில் ஒருமுறைகூட முன் காலிப்பரைத் திறக்காமல்.

இரண்டாம் வழிக்கும் ஐந்தாம் வழிக்கும் நாளுக்கு வித்தியாசம் ரூ.1,100. இதை மற்ற செலவோடு வைத்துப் பார்க்கலாம். 20 நிமிடம் வீதம் நான்கு முறை இறங்கினால் 132 கி.மீ. தடத்தில் லிட்டருக்கு 4.5 கி.மீ. என்று வைத்தால் 29 லிட்டர் பெட்ரோல். லிட்டர் ரூ.100 என்றாலும் ரூ.2,900. பெட்ரோலுக்கு யோசிக்காமல் ரூ.2,900 போடுகிறவர், காரை நிறுத்தும் பொருளுக்கு ரூ.1,700 போட யோசிக்க வேண்டியதில்லை. ஏர் எடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தால் கூலி ரூ.3,200 மிச்சம். இரண்டாம் வழி நாளுக்கு ரூ.900-க்கு வந்துவிடும்.

முதல் வழியைவிட இரண்டாம் வழி ரூ.400 குறைவு, 14 டிகிரி கூடுதல். டப்பா விலை இரட்டிப்பு என்றாலும் கூலியில் அது திரும்பி வந்துவிடுகிறது. மலிவான ஆயிலை அடிக்கடி மாற்றுவது சிக்கனம் என்ற எண்ணத்தைக் கூலி வரி உடைத்துவிடுகிறது.

எந்தக் காருக்கு எது

இதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. காலிப்பரில் ஒட்டும் வெப்பநிலைப் பட்டைகள் கிடைக்கின்றன. எந்த டிகிரியைத் தொட்டதோ அந்தக் கட்டம் கறுத்து அப்படியே நின்றுவிடும். முன் காலிப்பர் இரண்டிலும் ஒட்டி ஒரு நாள் ஓட்டினால் உங்கள் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணுக்கும் ஆயிலின் அன்றைய கொதிநிலைக்கும் இடையே 40 டிகிரி இடைவெளி வேண்டும். பட்டை காலிப்பரின் வெளிப்புறச் சூட்டைத்தான் காட்டுகிறது, பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கலாம். நேர்க்கோட்டுக் கணக்கின் குறையும் இந்த 40-க்குள் அடங்க வேண்டும்.

பட்டை 200-க்குக் கீழே நின்றால் டாட் 5.1 அல்லது கிளாஸ் 6, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சாலை டயரும் சாலை பேடும் உள்ள சிறிய காரை முதல் வருடம் ஓட்டுகிறவர்களுக்கு இதுவே என் பரிந்துரை.

200-க்கும் 250-க்கும் இடையே என்றால் 312 வகை, அதே ஆறு மாத அட்டவணை. எடை கூடிய செடான், டர்போ எஞ்சின், பிடிப்பு அதிகமான டயர், தட பேடு ஆகியவை வரும்போது எண் இங்கே ஏறும்.

250-ஐத் தாண்டினால் ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன் புது 312, அல்லது எஸ்ஆர்எஃப் வகை. இந்த நிலையில் ஆயிலோடு நிறுத்திக்கொள்ளாமல், காலிப்பருக்குக் காற்று வரும் வழியையும் பேடையும் பார்க்க வேண்டும். பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் சுவரும் பாதியாகிவிட்டது என்று பொருள். வீட்டுச் சாலைக்கு இன்னும் பத்தாயிரம் கி.மீ. தாங்கும் பேடு, தடத்துக்குப் போதாது.

ஆயில் தீர்க்காதவை

பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் அது பேடு வெந்துபோனதன் அடையாளம். பெடல் மெத்தென்று தரைக்குப் போனால்தான் ஆயில். முதல் கோளாறுக்கு ரூ.9,000 ஆயில் ஊற்றினாலும் பலன் இல்லை.

எந்தச் செலவும் இல்லாத இரண்டு பழக்கங்கள் உண்டு. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்க் நின்ற பிறகும் காலிப்பருக்குச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் நின்றுவிடும். தடத்தில் கொதிக்காத ஆயில் பேடாக்கில் நிற்கும்போது கொதிப்பது இதனால்தான்.

கிண்ணத்தில் ஆயில் குறைந்தால் டாட் 3, 4, 5.1 மூன்றையும் கலக்கலாம், கெட்டுப்போகாது, ஆனால் கொதிநிலை கலவைக்குத் தகுந்தபடி இறங்கிவிடும். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி அளவுகூட அதில் விழக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டி வரும்.

என் தீர்ப்பு இது. வீட்டுக் காரைத் தடத்தில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல டாட் 5.1 அல்லது கிளாஸ் 6 ஆயில், ஆறு மாதத்துக்கு ஒரு முழு மாற்றம், ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பின்னும் முன் காலிப்பரில் 150 மில்லி. வருடத்துக்கு ரூ.6,800. இதைத் தாண்டிச் செலவழிக்க வேண்டுமா என்பதை வெப்பநிலைப் பட்டை சொல்லட்டும். ஆயில் மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி கிண்ணத்தின் மேல் ஒட்டி வையுங்கள். அடுத்த டிராக் நாளுக்குப் பணம் கட்டுமுன் பானட்டைத் திறந்து அந்தத் தேதியைப் படியுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் முதலில் பட்டறைக்குப் போங்கள், பிறகு தடத்துக்கு வாருங்கள்.